முதல் மேய்ச்சல்

குண்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், அவனுக்குக் காது நல்லாக் கேட்கும். கோவிச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுட்டான்னா உங்களை இறக்கிட்டு நாம ரெண்டு பேரும் அவனைத் தள்ளிட்டுப் போகணும். புஷ்டின்னு சொல்லுங்க. சுல்தான் புஷ்டியான குதிரை. இந்தக் கொடைக்கானல் ஏரிக்கரையில நிக்கிற அத்தனை குதிரையையும் வரிசையா விட்டுப் பாருங்க, இவன் முதுகு மாதிரி பளபளன்னு ஒரு முதுகு இருக்கா? மழைத் தண்ணி விழுந்தா நிக்காது சார், வழுக்கிட்டு ஓடிரும்.

காலை உள்ள வச்சுக்கங்க. அம்புட்டுத்தான். கயிறு என் கையில இருக்கு, நீங்க சும்மா உக்காந்து ஏரியப் பாருங்க. நான் பேசிக்கிட்டே வருவேன். பேசாம நடந்தா எனக்குக் கால் வலிக்கும். அருளாயி வாயை மூடினா குதிரை நின்னுரும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு சொல்றதுல நிசமானது அது ஒண்ணுதான்.

நீங்க ஏறும்போது பக்கத்துல ஒருத்தி நின்னாளே, தலையில ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு, ஒரு செவலைக் குட்டியப் பிடிச்சுக்கிட்டு? அவ பேரு குளோரி. என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. உங்களுக்குக் குதிரை வேணுமான்னு அவ கேட்கவே இல்ல, கவனிச்சீங்களா? கேட்க மாட்டா. நான் நிக்கிற இடத்துல அவ வாயைத் தொறக்க மாட்டா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு, அதை நான் எங்கயும் சொல்லுவேன்.

அந்தக் குட்டியப் பார்த்தீங்கல்ல? மேல விலா எலும்பு தெரியுது, கீழ வயிறு மட்டும் பானை மாதிரி தொங்குது. ரோமமெல்லாம் தேங்கா நாரு. பேரு பவளமாம். பேருக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வர்ற சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கப் போறா. அந்தியூர்ச் சந்தையில வித்த ஆளே வண்டியோட வந்து ஏத்திட்டுப் போறானாம். அதுக்குள்ள குட்டி தேறுற மாதிரி தெரிஞ்சா வச்சுக்குவா, இல்லைன்னா போக வேண்டியதுதான். அது போச்சுன்னா இவ பொழப்பும் போச்சு. பழையபடி படகுத்துறைக்கிட்ட சோளக்கருது சுட உக்காரணும், புகையில இருமிக்கிட்டு.

இதுல என் தப்பு என்ன சார் இருக்கு? இல்ல, இப்பவே சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இந்த ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது. நீங்க சாயங்காலம் பஸ் ஏறிருவீங்க, உங்ககிட்ட சொன்னா பாதகமில்ல.

குனிஞ்சுக்கங்க, கிளை. ம்.

போன ஆடியில சந்தைக்குப் போயி அந்தக் குட்டிய வாங்கிட்டு வந்தா. கையில கிடந்த வளையல் போச்சு. அவ புருசன், என் கொழுந்தன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன் இங்க வர்றதை விட இங்கேர்ந்து போறதுதான் அதிகம், எப்படித்தான் அது நடக்குதோ! அதனால இவளே ஒரு குதிரை வச்சுப் பொழைச்சுக்கலாம்னு கிளம்பிட்டா. என்னைப் பார்த்துத்தான். பொம்பள ஒருத்தி ஏரிக்கரையில குதிரை பிடிச்சு நடக்கலாம்னு காட்டினதே நான்தானே. "அக்கா, உங்க சுல்தான் பக்கத்துல ஒரு ஓரமா நின்னுக்கிறேன்"னா. நில்லுன்னேன். நான் என்ன கல் நெஞ்சுக்காரியா?

வந்தப்ப குட்டி நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. மினுமினுன்னு, துள்ளிக்கிட்டு, வாலைத் தூக்கிக்கிட்டு. சின்னப் பிள்ளைகளெல்லாம் அதைத்தான் கேட்டுச்சுக. எங்க கொட்டகையில கட்டி, எங்க மேட்டுல மேய விட்டு, அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள இந்தக் கோலத்துக்கு வந்துருச்சு. அப்ப என்ன அர்த்தம்? வரும்போதே உள்ளுக்குள்ள சீக்கு இருந்திருக்கு. சந்தைச் சீக்கு. வெளியில மினுக்கிக் காட்டி ஏமாத்திப்புட்டான்.

மேடுன்னா, அந்தா மேல பேரிக்காய்த் தோட்டம் தெரியுதுல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு புல் மேடு. தோட்டக்காரரு எங்க வீட்டுக்காரர் பேருல மேய்ச்சலுக்கு விட்டிருக்காரு. எங்க பேருல இருக்கிற மேடு, அதுல ஓரகத்தி குதிரையும் மேயட்டும்னு விட்டது என் பெருந்தன்மை. ஆனா ஒரு முறை இருக்குல்ல? காலையில மூத்தவ குதிரை முதல்ல. அது மேய்ஞ்சு முடிச்சு இறங்கினப்புறம் இளையவ குதிரை. எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான், அப்ப மாடு, இப்ப குதிரை. பனி ஈரத்தோட இருக்கிற முதல் மேய்ச்சல் மூத்தவளுக்கு. அதை மாத்தினா அப்புறம் நான் மூத்தவள்ங்கிறதுக்கு என்ன அடையாளம் இருக்கு? நரைச்ச முடியா?

சுல்தான் மேயுறதை நீங்க பார்க்கணும் சார். ராசா வீட்டுப் பிள்ளை கெட்டான். நல்ல புல்லா, நுனி நுனியாக் கடிச்சுக்கிட்டே போவான். லத்தி போட்ட இடத்துல மட்டும் வாயே வைக்க மாட்டான். மேட்டுல நின்னு பார்த்தா வட்ட வட்டமா புல்லு ஒசந்து நிக்கும், அவன் லத்தி போட்டு விட்டு வச்ச இடம். அம்புட்டு சுத்தம். பின்னாடி வருதே குளோரி குட்டி, அது அந்த வட்டத்தையும் விடாது. லத்திக்குப் பக்கத்துல மூக்கை வச்சுக்கிட்டு வேரோட கடிச்சு இழுக்கும். என்ன வளர்ப்புன்னு கேட்டேன். "வேற புல்லு இல்லையே அக்கா"ன்னா. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பா, மெதுவாத்தான் சொல்லுவா.

அப்புறம் தை மாசத்துல குட்டிக்குப் பேதி. வயித்துல பூச்சின்னு பார்த்தாலே தெரியுது. எனக்குப் பகீர்னுச்சு. இந்தப் பூச்சி என் சுல்தானுக்கு ஒட்டிக்கிட்டா? அவன் புஷ்டியெல்லாம் என்னாகுறது? சீசன் வேற வருது.

பூச்சி மருந்துங்கிறது எங்களுக்குப் புதுசில்ல சார். குதிரை ஸ்டாண்டுல எல்லாரும் சேர்ந்து வாங்குவோம். ஊசி இல்லாத ஊசிக்குழாய்ல பேஸ்ட் மாதிரி வரும், வாய் ஓரமா விட்டு அமுக்கணும். ஒரு குழாயை மூணு குதிரைக்குப் பங்கு போட்டுக்குவோம், ஆளுக்குக் கொஞ்சம், யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாதுல்ல? அதுல நம்மாளு இருக்கானே, சுல்தான், அவன் கில்லாடி. வாயில விட்டதும் சமத்தா நிப்பான். நான் அந்தப் பக்கம் திரும்பினா, கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்ததை அப்படியே துப்பிருவான். ஒவ்வொரு தடவையும். நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன், பாருங்க அறிவை, தனக்குப் பூச்சி இல்லைன்னு அவனுக்கே தெரியுது, வேண்டாத மருந்தை எதுக்கு முழுங்கணும்னு துப்புறான். மனுசனுக்கு இந்த அறிவு இருக்கா? குளோரிகிட்ட கூட நான் இதைச் சொன்னதில்ல. அவ குட்டி எதை வாயில வச்சாலும் முழுங்கிரும், பாவம், அவ மனசு கஷ்டப்படும்.

இங்க ஒரு போட்டோ எடுத்துக்கிறீங்களா? எல்லாரும் எடுப்பாங்க. எடுக்கலையா, சரி. போலாண்டா ராசா.

எங்க விட்டேன்? ஆங். சுல்தானைக் காப்பாத்தணுமேன்னு நான் சங்கத் தலைவர்கிட்ட போனேன். குதிரைக்காரங்க சங்கம். பூச்சி பிடிச்ச குதிரைய ஏரிக்கரையில நிக்க விடாதீங்க, மத்த குதிரைக்குப் பரவும், அது எங்க வீட்டுக் குதிரையா இருந்தாலும் எனக்குச் சட்டம் சட்டந்தான்னு சொன்னேன். எல்லாரும் அசந்து போயிட்டாங்க. சொந்த ஓரகத்தின்னு கூடப் பார்க்காம நியாயம் பேசுறாளேன்னு. குளோரி அந்தப் பக்கமா நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. குட்டியோட நெத்தியத் தடவிக்கிட்டே இருந்தா.

தலைவரு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தாரு. சின்னப் பொண்ணு சார், குதிரை தும்மினா பறந்துரும், அம்புட்டுத்தான் உடம்பு. வந்து குட்டியப் பார்த்துச்சு, சுல்தானைப் பார்த்துச்சு, எல்லாத்தையும் பார்த்துச்சு. "கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாரும் அவங்கவங்க குதிரை லத்தியக் கொண்டுவாங்க, பூச்சி முட்டை இருக்கான்னு பார்க்கணும்"னுச்சு. அய்யய்ய, அந்தக் காலையில நீங்க இங்க இருந்திருக்கணும்! ஒருத்தன் இட்லி வாங்கின டப்பாவுல கொண்டுவர்றான், ஒருத்தன் சப்பாத்தி மாவு கவர்ல, ஒருத்தன் பொண்டாட்டிக்குத் தெரியாம டிபன் பாக்ஸ்லயே. நான் விடுவேனா? சுல்தானோடதை ஜவுளிக்கடைப் பையில போட்டு, புதுப் பை சார், முடிச்சுப் போட்டு, மேல பேரு எழுதிக் கொண்டுபோனேன். குளோரி ஒரு வாழையிலையில சுத்தி எடுத்துட்டு வந்து கடைசியா நின்னா.

ரெண்டு நாள் கழிச்சு நான்தான் போயி ரிசல்ட் கேட்டேன். மத்தவங்களுக்குச் சவாரி இருந்துச்சு, நான்தானே பிராது கொடுத்தவ. டாக்டரம்மா சொல்லுச்சு, "ஸ்டாண்டுலயே உங்க சுல்தான்தான் முதல் இடம்"னு. எனக்கு ஒரே சந்தோஷம்! அப்பவே தெரியும் எனக்குன்னேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "அம்மா, பூச்சி முட்டையில முதல் இடம்"னுச்சு.

சிரிக்காதீங்க சார். நீங்க சிரிச்சா அவன் நின்னுருவான்.

அப்புறம் அது ஒரு பெரிய பாடமே நடத்துச்சு. மத்த குதிரைக்கெல்லாம் கொஞ்சந்தான் இருக்காம். ஒரு சில குதிரைதான் அள்ளிக் கொட்டுமாம், தெருவுல பத்து வீடு இருந்தாலும் ஒரு வீட்டுச் சண்டைதான் ஊருக்குக் கேட்கிற மாதிரின்னுச்சு. அந்தக் குதிரைக்கு உடம்பு தாங்கிக்குமாம், புஷ்டியாவே இருக்குமாம். அது போடுற லத்தியில முட்டை பொரிஞ்சு, புழு பனி ஈரத்துல புல்லு மேல ஏறி உக்காந்துக்குமாம், அடுத்த குதிரை எப்ப மேய வரும்னு. நான் கேட்டேன், ஏம்மா, அது என்ன பஸ்ஸுக்கா நிக்குதுன்னு. அதுக்கும் சிரிப்பு வரல. இளங்குட்டிதான் முதல்ல அடிபடுமாம், அதுக்கு இன்னும் எதிர்ப்பு வரலையாம். "மூணு வேலை செய்யுங்க"ன்னுச்சு. சுல்தானுக்கு அவன் எடைக்குத் தக்கன முழு மருந்து, பங்கு போடாம. பங்கு போட்டா பூச்சிக்கு மருந்து பழகிருமாம். மேட்டுல லத்தியத் தினமும் அள்ளணும். மூணாவது, "குட்டியை முதல்ல மேய விடுங்க, சுல்தான் பின்னாடி வரட்டும்"னுச்சு.

கேட்டீங்களா? மூத்தவ குதிரை பின்னாடி வரணுமாம்! அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல சார். ஓரகத்தின்னா என்னன்னு அதுக்கு எங்க தெரியப் போகுது?

நான் அதை நம்பலைங்க. எப்படி நம்புறது? இவனைப் பாருங்க, இந்தக் கழுத்தைப் பாருங்க. இவனுக்குள்ள பூச்சியா? எதாவது கவர் மாறிப் போயிருக்கும். இட்லி டப்பாவும் டிபன் பாக்ஸும் வச்சா வேற என்ன ஆகும்? ஜவுளிக்கடைப் பை மாறாதேன்னு நீங்க கேட்கலாம். கேட்காதீங்க. தலைவரு என்னாச்சுன்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்காம்னேன். பொய்யா அது? எல்லாத்துக்கும் இருக்குல்ல? கொஞ்சமா, நிறையவான்னு அவரு கேட்கலையே.

அன்னிக்கு மத்தியானமே குளோரி எங்க வீட்டுக்கு வந்தா. வாசல்லயே நின்னா. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். "அக்கா, என் குட்டியால சுல்தானுக்கும் வந்துருச்சாமே, கொஞ்சம் கொஞ்சம் எல்லாத்துக்கும் இருக்காமே. நீங்க இடம் கொடுத்தீங்க, நான் சீக்கைக் கொண்டுவந்துட்டேன். மன்னிச்சிருங்கக்கா"ன்னு, சார், அழுதுட்டா. நான் என்ன செய்யுறது? வீடு தேடி வந்து ஒருத்தி அழறா. மன்னிச்சிட்டேன். போடி, போ, நான் எதையும் மனசுல வச்சுக்கிறவ இல்லன்னேன். ஒரு டம்ளர் காப்பி கூடக் கொடுத்தேன். எனக்கே என்னை நினைச்சுப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அன்னிக்குச் சோறு இறங்கல. அது வேற, அன்னிக்குக் குழம்பு சரியா வரல.

மருந்து கொடுத்தேன் சார், கொடுக்காம இல்ல. யாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, தனியா, சுல்தானுக்கு ஒரு முழுக் குழாய். தீவனத் தொட்டியில துப்பிட்டான். அவ்வளவுதான், நான் என் கடமையச் செஞ்சேன், அவன் அவன் கடமையச் செஞ்சான்.

பங்குனியில ஒருநாள் குட்டிக்கு வயித்து வலி வந்துருச்சு. நான் இங்க சவாரியில இருந்தேன், ஒரு கோயமுத்தூர்க் குடும்பம், ஆளாளுக்கு ரெண்டு ரவுண்டு வேணுமாம். குட்டி தரையில விழுந்து உருண்டு, வயித்தத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு, வேர்த்து ஊத்தியிருக்கு. குளோரி ஒத்தையாக் கயிறப் பிடிச்சு நடத்திக்கிட்டே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்கா. அது வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாக் குழாய் விட்டு, பொழுது சாயற வரைக்கும் கூட இருந்து காப்பாத்திட்டுப் போயிருக்கு. கொட்டகையில அவங்க ரெண்டு பேரும் மட்டும்தான். என்ன பேசினாங்களோ, நான் கேட்டுக்கல. நான் போகும்போது குளோரி வைக்கோல் மேல உக்காந்திருந்தா, குட்டி தலையை அவ மடியில வச்சிருந்துச்சு. என்னைப் பார்த்து, "பொழச்சிக்கிச்சுக்கா"ன்னா.

வாயில்லாச் சீவன் இல்லையா? நான் வெளியில பேசுவேனே தவிர, சார், குதிரை வலியில கிடந்தா எனக்குத் தாங்காது. எந்தக் குதிரையா இருந்தாலும்.

அதுக்கப்புறம் பாருங்க, அவகிட்ட ஒரு மாத்தம். காலையில சுல்தான் மேய்ஞ்சு இறங்கினதும் கூடையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போவா. லத்தி அத்தனையும் அள்ளுவா. கேரட் தோட்டத்துக்கு எருவா விப்பாளோன்னு பார்த்தேன். இல்ல. தள்ளிக் கொண்டுபோய்க் குழியில கொட்டி மண்ணைப் போட்டு மூடுறா. என் குதிரை போட்டதை அவ அள்ளுறா. மரியாதைன்னா அது. மூத்தவளுக்குச் செய்யுற பணிவிடைன்னு நான் நினைச்சுக்கிட்டேன். அதோட தினமும் சுல்தானுக்கு ஒரு கேரட் வேற. தன் குட்டிக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இவனுக்கு. நான் மன்னிச்சதுக்கு நன்றியா இருக்கும்.

ஆனா குட்டி முழுசாத் தேறல. டாக்டரம்மா மருந்து கொடுக்குது, பத்து நாள் நல்லா இருக்கும், திரும்ப மேட்டுல மேயும், திரும்பவும் படுத்துக்கும். எம்புட்டுத்தான் அள்ளினாலும் மேஞ்ச புல்லுல மிச்சம் இருக்கும்ல? நேத்து சொன்னா, "சனிக்கிழமை அவரை வரச் சொல்லிட்டேன்க்கா. என்கிட்ட இருந்து சாகறதுக்கு, எங்கயாவது போய்ப் பொழைக்கட்டும்." நான் கேட்டேன், ஏண்டி, வேற வழி எதுவும் இல்லையான்னு. என்னையே பார்த்தா சார். நிமிந்து, கண்ணைப் பார்த்து. குளோரி அப்படிப் பார்க்க மாட்டா. அப்புறம், "இல்லக்கா"ன்னுட்டு இட்லி மாவு வாங்கப் போயிட்டா.

ராத்திரி எங்க வீட்டுக்காரரு கேட்குறாரு, ஏன் பேசாம இருக்கே, உடம்பு சரியில்லையான்னு. பல் வலின்னேன்.

சரி, நீங்களே சொல்லுங்க. இதுல என் தப்பு என்ன இருக்கு? மேடு எங்களுது. முறை எங்க மாமியார் வச்சது. பூச்சி இருக்குன்னு டாக்டரம்மாதான் சொல்லுது, நான் கண்ணால பார்க்கல. நான் பாட்டுக்கு என் குதிரைய மேய்ச்சேன். ஒரு பொம்பள இதை விட என்ன செய்ய முடியும்? ஏரி நல்லா இருக்குல்ல? வெயில் வந்துருச்சு பாருங்க.

வந்துட்டோம், ஸ்டாண்டு வந்துருச்சு. பொறுங்க, அவசரப்பட்டு இறங்காதீங்க. அவளே வர்றா பாருங்க, குளோரி. கேரட்டோட. நான் சொன்னது எதையும் காட்டிக்காதீங்க, சாமி.

என்ன குளோரி? சவாரி ஒண்ணும் வரலையா?

"ஒரு பாப்பா வந்துச்சுக்கா, குட்டியைப் பார்த்துப் பயந்துட்டுப் போயிருச்சு. அது இருக்கட்டும். சுல்தானுக்கு இன்னிக்கு மருந்து நாளு, டாக்டரம்மா முழுக் குழாயாக் கொடுத்து விட்டிருக்காங்க. சாயங்காலம் நானும் வர்றேன். நாக்குக்கு மேல, நல்லாப் பின்னாடி தள்ளி விடணுமாம். நான் தாடையத் தூக்கிப் பிடிச்சுக்கிறேன், நீங்க விடுங்க. முழுங்குற வரைக்கும் விடக் கூடாதுக்கா, இல்லாட்டி போன தடவை மாதிரியே துப்பிருவான்."

சரிடி. சாயங்காலம் பார்க்கலாம். போ.

சார்.

துப்புவான்னு இவளுக்கு எப்படித் தெரியும்? நான் இவகிட்ட சொன்னதே இல்லையே. போன தடவைன்னா, நான் விடியறதுக்கு முன்னாடி தனியாத்தானே கொடுத்தேன். தொட்டியில துப்பிக் கிடந்ததை இவ பார்த்திருக்கா. பார்த்துட்டு ஒண்ணும் கேட்கல. அப்ப டாக்டரம்மா அன்னிக்குக் கொட்டகையில இவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கு. முதல் இடம் யாருக்குன்னு. யார் முதல்ல மேயணும்னு. பங்குனியிலேர்ந்து இவளுக்குத் தெரியும் சார். தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் வந்து கூடை கூடையா அள்ளியிருக்கா. தெரிஞ்சுக்கிட்டேதான் இவனுக்குக் கேரட் கொடுத்திருக்கா. வேற வழி இல்லையாடின்னு நான் கேட்டப்ப, இருக்குன்னு அவ சொல்லல. மேடு எங்களுதுன்னு, நான் மூத்தவள்னு, என்கிட்ட அதைக் கேட்க அவளுக்கு வாய் வரல. குட்டியவே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டா.

நான் அவளை மன்னிச்சேன்னு சொன்னேன்ல? காப்பி வேற கொடுத்தேன்.

கொஞ்சம் இருங்க சார்.

குளோரி! ஏ குளோரி! இங்க வாடி. அங்கயே நில்லு, நீ வர வேணாம், கத்தியே சொல்றேன். நாளைக்குக் காலையில உன் குட்டிய முதல்ல மேட்டுல ஏத்து. ஆமா, முதல்ல. சுல்தான் பின்னாடி வருவான். நானும் பின்னாடிதான் வருவேன், எனக்கு அந்த ஏத்தத்துல வெள்ளனே ஏறினா மூச்சு வாங்குது. ஒரு காரணமும் இல்ல, மூச்சு வாங்குது, அம்புட்டுத்தான். தினமும் அப்படித்தான் இனிமே. கூடைய வீட்டுல வச்சுட்டு வா, என் குதிரை லத்திய நான் அள்ளிக்கிறேன். சனிக்கிழமை அந்த அந்தியூர் ஆளு வந்தா என்கிட்ட அனுப்பு, அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்.

என்ன நிக்கிறா? அழுறாளா? வெயில்ல கண்ணு கூசுது, எனக்கு இங்கேர்ந்து சரியாத் தெரியல. நீங்க மேல உக்காந்திருக்கீங்க, பார்த்துச் சொல்லுங்க சார். அழுறாளா, சிரிக்கிறாளா?

சரி, சொல்ல வேணாம். இறங்குங்க. இடது பக்கமா, மெதுவா. அடுத்த ரவுண்டு எதுவும் போகணும்னா அவ குட்டிக்கிட்ட போகாதீங்க, நீங்க கனம், அது தாங்காது. ஆனா அடுத்த சீசனுக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. பவளத்து மேல ஏத்துங்க. இந்தக் குண்டன் மேல வேணாம்.